கல்லீரலில் ஒரு கட்டி

1950களில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஒரு பெண்மணி சாவை எதிர்நோக்கிப் படுத்திருந்தார். வயிறு ஊதிப் பெருத்திருந்தது. சாப்பிட்டது எதுவும் தங்கவில்லை. உடல் நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே போனது. பேரியம் கொடுத்து எடுத்த எக்ஸ்ரே படங்களைப் பார்த்த மருத்துவர்கள், இரைப்பையில் முற்றிய புற்றுநோய், இனி அறுவை சிகிச்சைக்கு வழியில்லை என்று கைவிரித்துவிட்டார்கள்.

அதே ஊரில் மகப்பேறு மருத்துவப் பேராசிரியர் இயன் டொனால்டு ஒரு விசித்திரமான கருவியை வைத்துச் சோதனைகள் செய்துகொண்டிருந்தார். உலோகத்துக்குள் விரிசல் இருக்கிறதா என்று தொழிற்சாலைகளில் ஒலி அலையால் பார்ப்பார்களே, அந்தக் கருவியிலிருந்து பிறந்தது அது. அந்தப் பெண்மணியின் வயிற்றில் அதை வைத்துப் பார்த்தபோது, தெளிவான விளிம்போடு ஒரு மாபெரும் நீர்க்கட்டி தெரிந்தது. சினைப்பையிலிருந்து வளர்ந்த, புற்றுநோய்க்குச் சம்பந்தமே இல்லாத கட்டி. வெட்டி எடுத்தார்கள், பிழைத்துக்கொண்டார். டொனால்டும் மருத்துவர் மெக்விகாரும் பொறியாளர் டாம் பிரவுனும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1958 ஜூன் 7 அன்று 'லான்செட்' இதழில் வந்தது. வயிற்று அல்ட்ராசவுண்டின் வரலாறு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

புற்றுநோய் என்று தவறாக நினைத்த ஒன்றை இல்லை என்று சொல்லிப் புகழ்பெற்ற கருவி, பிற்பாடு வேறொரு தலைவலியைக் கொண்டுவந்தது. ஸ்கேன் இல்லாத காலத்தில் யாரும் அறியாமல் உடம்போடு வாழ்ந்து உடம்போடு போன கட்டிகளையெல்லாம் அது காட்டத் தொடங்கியது. கிட்னியில் கல் இருக்கிறதா என்று பார்க்கப் போனவரின் ரிப்போர்ட்டில், "கல்லீரலின் வலது பகுதியில் எஸ்.ஓ.எல்." என்று ஒரு வரி இருக்கும். இடத்தை அடைத்துக்கொண்டு ஏதோ இருக்கிறது என்பதற்கு மேல் அந்த மூன்றெழுத்துக்கு அர்த்தம் கிடையாது. ஆனால் அதைப் படித்த குடும்பத்தில் அன்றிரவு யாருக்கும் தூக்கம் வராது.

வேறெந்த நோயும் இல்லாத, ஈரல் நன்றாக இருக்கும் ஒருவருக்குத் தற்செயலாகத் தட்டுப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை தீங்கற்றவை. சிரமம் என்னவென்றால், அவற்றில் சில புற்றுநோயின் சாயலை அப்படியே வைத்திருக்கின்றன. பிரித்தறிய மருத்துவர்கள் இரண்டு கேள்விகளைக் கேட்கிறார்கள். கட்டிக்குள் ரத்தம் எப்போது நுழைகிறது, எப்போது வெளியேறுகிறது? இந்தக் கட்டி யாருடைய ஈரலில் இருக்கிறது? இரண்டாவது கேள்வி சாதாரணமாகத் தெரியலாம். பல சமயம் அதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது.

நொடிக்கணக்கு

கல்லீரலுக்கு நிமிடத்துக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் ரத்தம் வருகிறது, அதுவும் இரண்டு வழியாக. ஏறக்குறைய முக்கால் பங்கு குடலையும் மண்ணீரலையும் சுற்றிவிட்டு போர்ட்டல் சிரை வழியாக வருவது. மீதிக் கால் பங்கு, இதயத்திலிருந்து புறப்பட்ட புது ரத்தம். கல்லீரல் தமனி வழியாக வருகிறது. நல்ல ஈரல் செல்கள் முதல் வழியையே பெரிதும் நம்பியிருக்கின்றன. கல்லீரலிலேயே பிறக்கும் புற்றுநோயான எச்.சி.சி. வளர வளர இரண்டாவது வழிக்கு மாறிவிடுகிறது.

இந்த வேறுபாட்டைப் பிடிப்பதற்குத்தான் 'ட்ரிபிள் ஃபேஸ்' சி.டி. கைச் சிரையில் ஊசி குத்தி, அயோடின் கலந்த மருந்தை இயந்திரம் வேகமாகச் செலுத்தும். உடம்பெல்லாம் குப்பென்று சூடு பரவும். ஏறத்தாழ 35ஆவது நொடியில், மருந்து தமனியில் நிறைந்திருக்கும்போது முதல் சுற்றுப் படம். 70ஆவது நொடி வாக்கில், போர்ட்டல் சிரை வழியாக ஈரல் முழுதும் மருந்து நிறைந்ததும் இரண்டாவது. மூன்று முதல் ஐந்து நிமிடம் கழித்துக் கடைசிச் சுற்று. எச்.சி.சி. முதல் சுற்றில் பளிச்சென்று வெளுக்கும். பிந்தைய சுற்றுகளில், சுற்றியுள்ள ஈரலைவிடக் கருத்துப்போகும். மருந்தைச் சீக்கிரம் வாங்கிச் சீக்கிரம் விட்டுவிடுகிறது என்று பொருள். ஒரே ஒரு படத்தை வைத்துக்கொண்டு எந்த ரேடியாலஜிஸ்டும் தீர்ப்புச் சொல்லத் தயங்குவது இதனால்தான்.

ரத்தக்குழாய் முடிச்சு

கல்லீரலின் திடக்கட்டிகளில் மிகப் பரவலானது ஹெமாஞ்சியோமா. மெல்லிய சுவர்கொண்ட ரத்த அறைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கும் முடிச்சு அது. பிரேதப் பரிசோதனை ஆய்வுகள் 0.4 முதல் 20 விழுக்காடு வரை சொல்கின்றன; எவ்வளவு உன்னிப்பாகத் தேடினார்கள் என்பதைப் பொறுத்து எண்ணிக்கை மாறுகிறது. பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. புற்றுநோயாக மாறுவதில்லை.

அல்ட்ராசவுண்டில் இது வெண்மையாகத் தெரியும். பெருங்குடல் புற்றுநோயிலிருந்து கல்லீரலுக்குப் பரவிய 'செகண்டரி' கட்டிகள் சிலவும் அப்படியே தெரியும். ஆனால் சி.டி.யில் ஹெமாஞ்சியோமாவின் நடத்தை தனி. முதல் சுற்றில் கட்டியின் ஓரத்தில் மட்டும் விட்டுவிட்டுச் சில வெண்திட்டுகள். அடுத்த சுற்றில் அந்தத் திட்டுகள் பெருத்து உள்நோக்கி நகர்ந்திருக்கும். கடைசிச் சுற்றில் கட்டி முக்காலும் நிரம்பியிருக்கும். உள்ளே ரத்தம் அவ்வளவு மெதுவாக ஊர்கிறது. எம்.ஆர்.ஐ.யின் டி2 படங்களில், தேங்கிய ரத்தத்தால் அது பல்பு எரிவதுபோல் ஒளிரும் என்று ரேடியாலஜி பாடப்புத்தகங்களே எழுதுகின்றன.

ஏமாற்றுவது சிறிய ஹெமாஞ்சியோமாக்கள்தான். ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்குக் குறைந்த சில கட்டிகள் ஓரத்திலிருந்து நிரம்பும் பொறுமையைக் காட்டுவதில்லை. முதல் சுற்றிலேயே முழுதாக வெளுத்துவிடுகின்றன. எச்.சி.சி.யும் முதல் சுற்றில் அப்படித்தான். இங்கே கடைசிச் சுற்றுதான் காப்பாற்றும். புற்றுநோய் கருத்துப்போயிருக்கும் நேரத்தில் ஹெமாஞ்சியோமா பக்கத்து ரத்தக்குழாய்களுக்கு இணையாக வெளுத்தே நிற்கும். இலக்கணச் சுத்தமான ஹெமாஞ்சியோமா என்று உறுதியான பின், பயாப்ஸியும் வேண்டாம், ஆண்டுதோறும் ஸ்கேனும் வேண்டாம் என்பதே ஐரோப்பியக் கல்லீரல் மருத்துவர்கள் சங்கம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதல்.

நடுவில் ஒரு தழும்பு

லாஸ் ஏஞ்சலிஸ் நோய்க்கூறியல் நிபுணர் ஹியூ எட்மண்ட்சன் 1958இல் ஒரு கட்டிக்கு ஃபோக்கல் நோடுலர் ஹைப்பர்பிளேசியா என்று பெயரிட்டார். நீளம் கருதி எல்லோரும் எஃப்.என்.எச். என்கிறார்கள். கணக்குப்படி இது இரண்டாவது இடத்தில் இருக்கும் தீங்கற்ற திடக்கட்டி. நோயாளிகளில் பெரும்பாலோர் இளம்பெண்கள், நடுவயதுப் பெண்கள். வழிதவறிய ஒரு தமனி ஈரலின் ஒரு மூலைக்குத் தேவைக்கு மேல் ரத்தம் பாய்ச்ச, அங்குள்ள நல்ல செல்களே பெருகித் திரண்டுவிடுகின்றன என்ற விளக்கத்தை 1985இல் வான்லெஸ் குழுவினர் முன்வைத்தார்கள். அதுவே இன்றும் ஏற்கப்படுகிறது.

தமனி ரத்தத்தில் ஊறிய கட்டி என்பதால் சி.டி.யின் முதல் சுற்றில் எஃப்.என்.எச். பளீரென்று வெளுக்கிறது. பார்த்தவுடன் பயம் வருவது நியாயமே. கவனித்துப் பார்த்தால் நடுவில் ஒரு தழும்பு, அதிலிருந்து ஓரத்துக்குக் கிளை பிரியும் கோடுகள். பிந்தைய சுற்றுகளில் கட்டி சுற்றுப்புறத்தோடு கலந்து கண்ணுக்கே தெரியாமல் போய்விடும். தழும்பு மட்டும் தாமதமாக வெளுக்கும்.

அந்தத் தழும்பே குழப்பத்துக்கும் காரணம். ஃபைப்ரோலேமெல்லார் கார்சினோமா என்ற அரிய புற்றுநோய்க்கும் நடுத்தழும்பு உண்டு. அதுவும் இளவயதினரைத்தான் தாக்கும். அதுவும் ஈரல் சுருக்கம் எனப்படும் சிரோசிஸ் இல்லாத நல்ல ஈரலில்தான் வரும். ரத்தப் பரிசோதனையில், ஈரல் புற்றுநோயைக் காட்டிக்கொடுக்கும் ஏ.எஃப்.பி. புரதத்தின் அளவு பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். வேறுபாடு நுணுக்கமானது. எஃப்.என்.எச். தழும்பு எம்.ஆர்.ஐ.யின் டி2 படத்தில் பெரும்பாலும் வெளுத்துத் தெரியும். புற்றுநோயின் தழும்பு கருத்து, பெரும்பாலும் சுண்ணாம்பு படிந்து இருக்கும். இந்தப் புற்றுநோயின் மரபணு அடையாளம், அதாவது இரண்டு மரபணுக்கள் ஒன்றாக ஒட்டிப்போவது, 2014இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது.

இந்த இழுபறியில் பெரிய உதவியாக வந்தது கேடோக்செட்டேட் என்ற எம்.ஆர்.ஐ. மருந்து. ஊசியில் போகும் அளவில் பாதியை வேலை செய்யும் ஈரல் செல்கள் உறிஞ்சிப் பித்தநீர் வழியாக வெளியேற்றுகின்றன. 20 நிமிடம் கழித்து எடுக்கும் படத்தில் நல்ல ஈரல் வெளுத்திருக்கும். எஃப்.என்.எச். ஈரல் செல்களால் ஆனது என்பதால் அதுவும் மருந்தைப் பிடித்து வெளுத்து நிற்கும். புற்றுநோய்களில் பெரும்பாலானவை கருந்துளையாகத் தெரியும். முன்பு இதே கேள்விக்கு விடை தேடி வயிற்றைத் திறந்திருக்கிறார்கள்.

மாத்திரையோடு வந்த கட்டி

எட்மண்ட்சனின் பழைய கணக்கில் இன்னொரு செய்தி இருக்கிறது. லாஸ் ஏஞ்சலிஸ் பொது மருத்துவமனையில் 1918 முதல் 1954 வரை நடந்த சுமார் 50,000 பிரேதப் பரிசோதனைகளில் அவர் கண்ட கல்லீரல் அடினோமா என்ற கட்டி இரண்டே இரண்டு. 1960இல் அமெரிக்காவில் கருத்தடை மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. 1973இல் மிச்சிகனைச் சேர்ந்த ஜேனட் பாமும் சக மருத்துவர்களும் 'லான்செட்'டில் ஏழு இளம்பெண்களைப் பற்றி எழுதினார்கள். ஏழு பேருக்கும் தீங்கற்ற ஈரல் கட்டி. ஏழு பேரும் கருத்தடை மாத்திரை சாப்பிட்டவர்கள். அதன்பின் பல ஊர்களிலிருந்து இதேபோன்ற செய்திகள் வந்தன. அந்தக் கால மாத்திரைகளில் ஈஸ்ட்ரோஜன் அளவு இன்றையதைவிடப் பல மடங்கு அதிகம்.

அடினோமாவைத் தீங்கற்றது என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. பெரிதானால் வெடித்து வயிற்றுக்குள் ரத்தம் கொட்டக்கூடும். சிலவகை புற்றுநோயாகவும் மாறும். நன்கு முதிர்ந்த செல்களைக் கொண்ட எச்.சி.சி.யும் அடினோமாவும் நுண்ணோக்கியின் கீழ் அண்ணன் தம்பி போலத் தெரியும் என்பதால், பயாப்ஸி எடுத்த பிறகும் சந்தேகம் தீராத நோயாளிகள் உண்டு. பிரான்சில் ஜெசிக்கா சுக்மன்-ரோசியின் குழு 2006இல் அடினோமாக்களை மரபணு மாற்றங்களின் அடிப்படையில் வகைபிரித்தது. பீட்டா கேட்டனின் மரபணுவில் மாற்றம் உள்ளவையே புற்றுநோயை நோக்கி நகரும் ஆபத்து மிக்கவை என்று அப்போது தெளிவானது.

சிகிச்சை முறை, கட்டி யாருக்கு வந்திருக்கிறது என்பதைப் பார்த்து மாறுகிறது. ஆணுக்கு வந்த அடினோமா, எந்த அளவில் இருந்தாலும் எடுத்துவிடுவது நல்லது என்கிறது 2016ஆம் ஆண்டின் ஐரோப்பிய வழிகாட்டுதல். ஆண்களிடம் அது புற்றுநோயாக மாறும் வாய்ப்பு அதிகம். பெண்ணுக்கு என்றால் முதலில் மாத்திரையை நிறுத்து, ஆறு மாதம் பொறு, அதற்குப் பிறகும் 5 செ.மீ.க்குக் குறையாமல் இருந்தாலோ வளர்ந்தாலோ மட்டும் எடு. மாத்திரையை நிறுத்தியதும் சுருங்கிப்போன அடினோமாக்கள் ஏராளம். உடற்பயிற்சிக் கூடங்களில் தசைக்காக அனபாலிக் ஸ்டீராய்டு ஏற்றிக்கொள்ளும் இளைஞர்களுக்கும் இதே கட்டி வருகிறது. ஸ்கேனில் எதிர்பாராத கட்டி தெரிந்ததும் மருத்துவர் ஜிம் பற்றிக் கேட்டால், பேச்சை மாற்றுகிறார் என்று நினைக்க வேண்டாம்.

கொழுப்பும் சீழும்

சில 'கட்டிகள்' கட்டியே இல்லை. ஃபேட்டி லிவர் உள்ளவர்களின் ஈரலில் கொழுப்பு எப்போதும் சீராகப் படிவதில்லை. ஒரு திட்டில் மட்டும் அதிகமாகப் படியலாம். அல்லது ஈரல் முழுக்கப் படிந்து ஒரு திட்டு மட்டும் தப்பிக்கலாம். அல்ட்ராசவுண்டில் முதலாவது வெள்ளைக் கட்டியாகவும் இரண்டாவது கருப்புக் கட்டியாகவும் தெரியும். பித்தப்பையை ஒட்டிய ஈரலிலும், ஈரலை வயிற்றுச் சுவரோடு பிணைக்கும் தசைநார் ஓரத்திலும் இவை அடிக்கடி வருகின்றன. அந்த மூலைகளுக்குச் சில சிறு சிரைகள் போர்ட்டல் சிரையைத் தவிர்த்துத் தனி வழியில் ரத்தம் கொண்டுவருவதே காரணம். உண்மையான கட்டி பக்கத்து ரத்தக்குழாய்களைத் தள்ளும், வளைக்கும். கொழுப்புத் திட்டுக்குள் குழாய்கள் இம்மியும் விலகாமல் நேராக ஓடுவதைக் காணலாம். சர்க்கரை நோயும் உடற்பருமனும் பெருகிவரும் தமிழ்நாட்டில் ஃபேட்டி லிவர் சர்வசாதாரணமாகிவிட்டதால், ஸ்கேன் சென்டர்களில் தினமும் எதிர்ப்படும் சங்கதி இது.

சீழ்க்கட்டியின் கதை வேறு. சி.டி.யில் அதன் ஓரம் வெளுத்து, நடு கருத்து இருக்கும். நடுப்பகுதி அழுகிய புற்றுநோயும் அப்படித்தான் இருக்கும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் 1980களின் நடுவிலிருந்தே அமீபா சீழ்க்கட்டி தொடர்ந்து காணப்படுகிறது. அங்கு நடந்த ஆய்வுகளில் நோயாளிகள் ஏறக்குறைய எல்லோரும் ஆண்கள். அவர்களில் பெரும்பாலோர் கள் அருந்துபவர்கள். அப்படி ஒருவர் காய்ச்சலோடும் வலது விலாவடியில் வலியோடும் வந்தால், அனுபவமுள்ள மருத்துவருக்கு எஸ்.ஓ.எல். என்ற சொல் அமீபாவைத்தான் முதலில் நினைவூட்டும். ஊசி வைத்து இழுத்தால் சாக்லேட் நிறத்தில் கெட்டியான திரவம் வரும். மெட்ரோனிடசோல் மாத்திரையில் நோய் கட்டுப்படும். காய்ச்சல் இல்லாமல், எடை மட்டும் குறைந்து வரும் முதியவரிடம் அதே படம் வந்தால் மருத்துவரின் மனம் வேறு திசையில் ஓடும். காசநோயும் அபூர்வமாக ஈரலில் கட்டியாகத் திரண்டு புற்றுநோய் போல ஏமாற்றும். அங்கே பயாப்ஸி ஒன்றே வழி.

ஏற்கெனவே புற்றுநோய் உள்ளவர்

பெருங்குடலில் புற்றுநோய்க்காக வயிற்றைத் திறந்த அறுவை மருத்துவர், வழக்கம்போல் ஈரலின் மேல் கையை ஓட்டிப் பார்க்கிறார். பளபளக்கும் செம்பழுப்புப் பரப்பில் அங்கங்கே குண்டூசித் தலை அளவில் வெண்புள்ளிகள். புற்றுநோய் ஈரலுக்குப் பரவிவிட்டதென்றால் சிகிச்சைத் திட்டமே மாறும். ஒரு புள்ளியை வெட்டி, உறையவைத்து உடனே பார்க்கும் 'ஃபிரோசன் செக்ஷன்' பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு அறுவை அரங்கமே காத்திருக்கும். பல சமயம் வரும் விடை, வான் மேயன்பர்க் காம்ப்ளெக்ஸ். சுவிஸ் நோய்க்கூறியல் நிபுணர் வான் மேயன்பர்க் 1918இல் விவரித்தவை. கருவில் பித்தக்குழாய்கள் உருவானபோது கலையாமல் தங்கிப்போன மிச்சங்கள். பெரும்பாலும் அரை சென்டிமீட்டருக்கும் குறைவானவை.

நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மருத்துவமனையின் ஆய்வு ஒன்று 1999இல் வெளியானது. ஏற்கெனவே புற்றுநோய் உள்ள 2,978 பேரின் சி.டி. படங்களைப் பார்த்ததில், சுமார் 13 விழுக்காட்டினரின் ஈரலில் 1 செ.மீ.க்கு மிகாத புள்ளிகள் இருந்தன. தொடர்ந்து கவனித்ததில் அந்தப் புள்ளிக்காரர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு அவை தீங்கற்றவை. பரவிய புற்றுநோய் என்று உறுதியானது ஏறத்தாழ 12 விழுக்காடுதான். எட்டுப் பேருக்குத் தேவையில்லாத கீமோதெரபியோ, ஒருவருக்கு நழுவிப்போன சிகிச்சையோ, இரண்டில் எதையும் சும்மா விட முடியாது. சில வாரம் கழித்து மறுபடியும் ஸ்கேன் எடுத்து, வளர்கிறதா என்று பார்ப்பது இதனால்தான்.

கணக்கு தலைகீழாகும் இடம்

இதுவரை சொன்ன நிம்மதியெல்லாம் ஹெபடைட்டிஸ் பி கிருமியாலோ மதுவாலோ கொழுப்பாலோ சுருங்கி, சிரோசிஸ் ஆகிப்போன ஈரலுக்குப் பொருந்தாது. அங்கே புதிதாக முளைக்கும் முடிச்சைக் குற்றவாளியாகவே பார்க்க வேண்டும். அமெரிக்க ரேடியாலஜி கல்லூரி 2011இல் லை-ராட்ஸ் என்ற தரவரிசையைக் கொண்டுவந்தது. எல்.ஆர்.-1 என்றால் நிச்சயம் தீங்கற்றது, எல்.ஆர்.-5 என்றால் நிச்சயம் எச்.சி.சி. இந்த ஐந்தாம் தரத்துக்குப் பயாப்ஸிகூடத் தேவையில்லை, படமே போதும். திசுவைத் தொடாமல் உறுதிசெய்யும் வழக்கம் மற்றப் புற்றுநோய்களில் மிக அரிது. ஆனால் இந்தத் தரவரிசையை, சிரோசிஸ் அல்லது நாள்பட்ட ஹெபடைட்டிஸ் பி போன்ற ஆபத்துள்ளவர்களுக்கு மட்டுமே பயன்படுத்தலாம் என்பது அதன் முதல் நிபந்தனை. சீக்கிரம் வெளுத்துச் சீக்கிரம் கருக்கும் அதே கட்டி, நோயற்ற ஈரல் உள்ள ஒரு முப்பது வயதுப் பெண்ணிடம் அடினோமாவாக இருக்கலாம்.

ரத்தப் பரிசோதனை இந்தச் சிக்கலை அவிழ்த்துவிடும் என்று ஒரு காலத்தில் எதிர்பார்த்தார்கள். சோவியத் ஒன்றியத்தில் 1963இல் அபெலெவ் எலிகளிலும், 1964இல் டட்டாரினோவ் மனிதர்களிலும், ஈரல் புற்றுநோயின்போது ஏ.எஃப்.பி. என்ற புரதம் ரத்தத்தில் தோன்றுவதைக் கண்டார்கள். ஆனால் கர்ப்பத்திலும் ஈரல் அழற்சியிலும் அது ஏறுகிறது. புற்றுநோய் உள்ளவர்களிலேயே கணிசமானவர்களிடம் இயல்பாகவே இருக்கிறது. பயாப்ஸியிலும் சிக்கல் உண்டு. ரத்தக்கசிவும், ஊசி போன பாதையில் புற்றுநோய் செல்கள் ஒட்டிக்கொள்வதும் அரிதாக நடக்கின்றன.

சிரோசிஸ் ஈரலிலும் போலிகள் இருக்கின்றன. தமனியும் போர்ட்டல் சிரையும் நேரடியாக இணைந்துவிட்ட சிறு குறுக்குவழிகள், முதல் சுற்றில் எச்.சி.சி. போலவே வெளுக்கும். பெரும்பாலும் ஈரலின் ஓரத்தில் ஆப்பு வடிவில் தெரிந்து, அடுத்த சுற்றுக்குள் மறைந்துவிடும். வட்டமாகத் தெரிந்துவிட்டால் ஏமாற்றம்தான்.

அந்த ஏமாற்றத்துக்கு விலை கொடுத்த அனுபவம் அமெரிக்காவுக்கு உண்டு. 2002 பிப்ரவரி இறுதியில் அங்கே கல்லீரல் மாற்று சிகிச்சைக்கான காத்திருப்போர் பட்டியலில் மெல்ட் என்ற மதிப்பெண் முறை வந்தது. நோய் முற்றியவருக்கு முதலில் ஈரல் என்பது விதி. எச்.சி.சி. உள்ளவர்கள் மதிப்பெண்ணில் பின்தங்கிவிடுவார்கள் என்பதால் அவர்களுக்குக் கூடுதல் மதிப்பெண் தரப்பட்டது, 2 செ.மீ.க்குக் குறைந்த கட்டி உள்ளவர்களுக்கும் அது கிடைத்தது. மாற்று சிகிச்சை முடிந்து, வெளியே எடுத்த பழைய ஈரலைத் துண்டு துண்டாக அறுத்துப் பார்த்தபோது, சிறிய கட்டி என்று முன்னுரிமை பெற்றவர்களில் கணிசமானவர்களின் ஈரலில் புற்றுநோயே இல்லை. அவர்களும் சிரோசிஸ் நோயாளிகள்தான், புது ஈரல் தேவைப்பட்டவர்கள்தான். ஆனால் வரிசையில் அவர்களுக்கு முன்னால் வேறு யாரோ இருந்திருக்க வேண்டும். 2003இல் கூடுதல் மதிப்பெண் குறைக்கப்பட்டது. 2004இல், 2 செ.மீ.க்குக் குறைந்த தனிக்கட்டிக்கான சலுகை அடியோடு நீக்கப்பட்டது. அடுத்து வந்த விதிகள், படம் எடுக்கும் முறை, மருந்து செலுத்தும் நேரம், கட்டியின் விளிம்பும் வளர்ச்சியும் என ஒவ்வொன்றையும் எழுத்தில் வரையறுத்தன. எச்.சி.சி. என்ற கணக்கில் ஈரல் பெற்றவருடைய பழைய ஈரலின் நோய்க்கூறியல் அறிக்கையை மாற்று சிகிச்சை மையம் கட்டாயம் சமர்ப்பிக்க வேண்டும். ஸ்கேன் சொன்னதும் நுண்ணோக்கி சொன்னதும் ஒத்துப்போகின்றனவா என்று அதை வைத்துச் சரிபார்க்கிறார்கள்.